தெப்பக்காரரும் ஊர் வாயும்

கேள்வி: நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை மூங்கிலோடு கட்டித் தெப்பம் செய்து கடல் கடக்கப் போவதாகச் சொல்லும் நண்பரை, காப்பிக்கடையில் நாங்கள் கேலி செய்கிறோம். இப்படிப் புறப்பட்டவர்களை அந்தந்த ஊரார் எப்படிப் பார்த்தார்கள்?
– வாசகர், பிடோக், சிங்கப்பூர்

பதில்: பெரும்பாலும் உங்களைப் போலத்தான். 1947 இல் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹெயர்டால், ஆணியே இல்லாமல் ஒன்பது பால்சா மரங்களைச் சணல் கயிற்றால் பிணைத்த கோன்டிக்கி என்ற தெப்பத்தில் ஐந்து துணைவர்களுடன் பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து புறப்படவிருந்தபோது, மரம் நீர் குடித்து மூழ்கும், கயிறு தேய்ந்து அறும் என்று கடலறிந்தவர்களே எச்சரித்தனர். நடந்ததோ வேறு: பச்சை மரத்தின் சாறு நீரைத் தடுத்தது, கயிறோ மென்மையான மரத்துக்குள் பதிந்துகொண்டதால் தேயவில்லை. 101 நாள்களில் பசிபிக் கடலைக் கடந்து, அங்குள்ள ரரோயா பவளத்திட்டில் மோதிக் கரையேறினார்கள். இத்தனைக்கும் ஹெயர்டால் சிறுவயதில் தண்ணீருக்கே அஞ்சியவர்!

அமெரிக்க மாலுமி வில்லியம் வில்லிஸ் 1954 இல், அறுபது வயதில், ஒரு பூனையையும் கிளியையும் மட்டும் துணைக்கொண்டு அதே கயாவோவிலிருந்து தெப்பத்தில் பசிபிக் தீவான சமோவா சேர்ந்தார். ஆனால் 1968 இல் சிறு படகில் தனியே அட்லாண்டிக்கைக் கடக்க முயன்றபோது, அவர் இல்லாத வெறும் படகுதான் கண்டெடுக்கப்பட்டது.

பசிபிக்கில் அவர்களைச் சுமந்தது ஒரே திசையில் வீசிய காற்றும் நீரோட்டமும். சிங்கப்பூர் நீரிணையிலோ நீரோட்டம் திசை மாறும். நிற்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக வரும். உங்கள் கேலியை நான் குறை சொல்லவில்லை. ஆனால், தெப்பத்தை எப்படித் திருப்புவார் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?