சுழியத் தேதிகளை என்ன செய்வது?

கேள்வி: ராயபுரத்தில், இறக்குமதிச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துத் தரும் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கண்டெய்னர் பதிவேடு பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளது. அதைப் போஸ்ட்கிரெஸ் என்னும் வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றும்போது ‘0000-00-00’ என்ற தேதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அவற்றையெல்லாம் 1970-01-01 என்று மாற்றிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். அப்படிச் செய்யலாமா ஐயா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: செய்ய வேண்டாம். 2012-இல் வந்த கண்டெய்னர் 1970-இலேயே வெளியேறிவிட்டது என்று பதிவாகும். யார்டில் (பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்தில்) இருந்த நாள்களைக் கணக்கிட்டால் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்கள் கழித்தல் குறியோடு வந்து நிற்கும். அதைவிடப் பெரிய கேடு, அது பார்வைக்குச் சரியான தேதியாக இருப்பதால் இனி எந்த மென்பொருளும் அதைப் பிழை என்று சொல்லாது.

முதலில் அந்தச் சுழியங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். தவறான மதிப்புகளை மறுக்கும் கண்டிப்பு முறை (strict mode) இல்லாத மைஎஸ்கியூஎல், தேதிப் புலத்தில் (field) எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வந்தாலும், பிப்ரவரி 31 போன்ற இல்லாத நாள் வந்தாலும், ஓர் எச்சரிக்கையோடு ‘0000-00-00’ என்றே எழுதிக்கொள்ளும். 2015-இல் வெளிவந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பாக அமைந்தது. ஆகவே உங்கள் ‘வெளியேறிய தேதி’ புலத்தில் உள்ள ஒரு சுழியம், சரக்கு இன்னும் வெளியேறவில்லை என்று பொருள்படலாம். வெளியேறியும் யாரும் பதியவில்லை என்று பொருள்படலாம். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். சுழியத் தேதிகளை வெற்று மதிப்பாக (NULL, அதாவது மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) மாற்றித் தரும் பிஜிலோடர் போன்ற கருவி, இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடும். பிழைச் செய்தி நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் யார்டில் கிடக்கும் பெட்டி எது, பதியாமல் விட்ட பெட்டி எது என்பது அத்தோடு மறைந்துபோகும்.

எனவே அசல் தேதியை எழுத்து வடிவில் அப்படியே வைத்துக்கொள்ள ஒரு தனிப் புலம் சேர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வகையாகப் பிரியுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: வெற்று மதிப்பை அனுமதிக்காத தேதிப் புலத்தில் ‘வெற்றா?’ என்று கேட்டால், மைஎஸ்கியூஎல் சுழியத் தேதிகளையும் சேர்த்து எடுத்துத் தரும். எனவே தேதியை எழுத்தாக மாற்றி ஒப்பிட்டு எண்ணுங்கள். டெலிவரிக்கான ரசீதோ கேட் பாஸ் நகலோ அதே பெட்டிக்கு இருந்தால் அது வெளியேறிவிட்டது. தேதியை அந்தக் காகிதத்திலிருந்து எடுங்கள். ‘2012-06-00’ போன்று மாதம் மட்டும் உள்ளவற்றை முதல் தேதி என்று ஊகித்து நிரப்பாதீர்கள். எதுவும் தெரியாதவற்றை வெற்று மதிப்பாக விடுங்கள். அதற்குமுன் புதிய அட்டவணையில் அந்தப் புலத்தில் மதிப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை (NOT NULL) நீக்க வேண்டும். வெளியேறாதவை, பதியப்படாதவை என்ற வேறுபாட்டை ‘நிலை’ என்னும் இன்னொரு புலம் சொல்லட்டும்.

பிழை காட்டி நிற்கும் தேதிகளைவிட, பிழையே காட்டாமல் கடந்துபோகும் தேதிகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் தந்தால் மைஎஸ்கியூஎல் 70 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 69 வரை 2000-களாகவும் கொள்ளும். 1962-இல் பிறந்த டிரெய்லர் ஓட்டுநர் 2062-இல் பிறந்தவராகியிருப்பார். போஸ்ட்கிரெஸ் அதை மறுக்காமல் ஏற்கும். ஒவ்வொரு தேதிப் புலத்திலும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுத்துப் பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும்.

மாற்றியபின், வெளியேறிய தேதி வந்த தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்னும் நிபந்தனையைப் புதிய அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்; வெற்று மதிப்புகளை அது தடுக்காது. பழைய தரவுத்தளத்தின் பேக்கப்பை அடுத்த தணிக்கை முடியும்வரை அழிக்க வேண்டாம்.