வட்டைக் கழற்றாதீர்கள், மூன்றாவது கேமராவைத் திருப்புங்கள்

கேள்வி: சோமனூர் பக்கம் தறி ஓட்டறோம்ங்க. போன வாரம் ராத்திரி குடோன்ல இருந்து நாலு பை நூல் போயிருச்சு. எட்டு கேமரா இருக்குது, ஆள் தூக்கிட்டுப் போறது பதிவாயிருக்குது. டிவியில ஓடவிட்டு, அதைச் செல்போன்ல படம் பிடிச்சு ஸ்டேசனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். இது கோர்ட்டுல நிக்காதுன்னுட்டாங்க. மறுநாளே ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டேன். கேமரா மாட்டுன பையன் ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிக் குடுத்தறலாம்ங்கறான். இதுக்கு நடுவுல, மூணாவது கேமரா எங்க பொடக்காலியைப் பாக்குதுன்னு பங்காளி வீட்டு அக்கா கேஸ் போடறேன்ங்கறாங்க. என்ன பண்றதுங்க?

பதில்: ரெக்கார்டரை அணைத்ததுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி, எட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 173 ஜிபி. ரெக்கார்டர் பெட்டியில் இருப்பது 1 டெராபைட் வட்டு (ஹார்டு டிஸ்க்) என்றால் ஆறு நாள்கூடத் தாங்காது, பழைய பதிவின் மேலேயே புதிது எழுதிக்கொண்டு போகும்.

வட்டைக் கழற்ற வேண்டாம். வேறு ரெக்கார்டரில் மாட்டினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். ஒரு பொத்தான் தவறினால் எல்லாம் போயிற்று. முதலில் எட்டு கேமரா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் பெட்டியை ஆன் செய்யுங்கள். ஒயரோடு ஆன் செய்தால் அந்த நிமிடமே பதிவு தொடங்கிவிடும்.

அடுத்து கடிகாரம். திரையில் தெரியும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள். பெட்டி 17 நிமிடம் முந்தி ஓடினால் அதைப் புகாரிலேயே எழுதுங்கள். இப்போது திருத்தாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கிற இடம் இதுதான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரம் பின்னுக்குப் போனால், உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். நகல் எடுத்து முடித்த பிறகு அதை மாற்றி, நேரத்தை இணையத்தோடு இணைத்து வையுங்கள்.

திருட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை, அந்த கேமராக்களின் பதிவைப் புதிய பென்டிரைவில் ரெக்கார்டர் வழியாகவே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இரண்டு நகல் வேண்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீங்கள் எடுத்தது வேறு ஒரு திரையின் படம், மூலப் பதிவின் நகலே அல்ல.

சட்டம் கேட்பது, நகல் மூலப் பதிவிலிருந்து எடுத்ததுதான் என்ற சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு. படிவம் இரண்டு பகுதி: ‘அ’ பகுதியில் பெட்டிக்குப் பொறுப்பான நீங்கள் கையெழுத்திட வேண்டும், ‘ஆ’ பகுதியில் நிபுணர். பெட்டியின் மாடல், சீரியல் எண்ணோடு, கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பில் உள்ளதை வைத்துக் கணினி கணக்கிடும் அடையாள எண்) அதில் வரவேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால்தான் அதைக் கேட்கிறார்கள். பெட்டியையே போலீஸ் கேட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவுப்படி எழுத்தில் உத்தரவு வாங்கி, ஒப்படைத்ததற்கு ரசீதும் பெறுங்கள்.

இனி அந்த அக்கா சொல்வது. அவர் கேட்பது நியாயம். பொடக்காலியில், அதாவது வீட்டின் பின்புறத்தில், குளிக்கிற, துணி மாற்றுகிற இடம் கேமராவில் விழுந்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதற்கான 77ஆவது பிரிவை அவர் கையில் எடுக்கலாம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அந்தரங்கத்தைப் படம் பிடிப்பதற்கு எதிரான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் உண்டு. வெறும் வாசலோ நடைவழியோ தெரிந்தால் அது குற்றமாகிவிடாது. ஆனாலும் தடையாணை கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போக வழி இருக்கிறது. வீடு இன்னும் பாகம் பிரியாமல் ஒன்றாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை: கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் உட்பகுதியில் மற்றவர் சம்மதமின்றி கேமரா வைக்கக் கூடாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. 2.8 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரிக்கு விரியும், அதனால்தான் பக்கத்து வீடு உள்ளே வருகிறது. 6 மிமீ லென்ஸ் அதில் பாதிதான் பார்க்கும். அதை மாற்றி, ஓட்டு இறவாரத்துக்கு அடியில், உங்கள் சுவரை ஒட்டியே பார்க்குமாறு திருப்புங்கள். மீதி ஏதாவது தெரிந்தால் கேமராவின் மெனுவிலேயே ‘பிரைவசி மாஸ்க்’ போடுங்கள். அந்தப் பகுதி பதிவிலும் கறுப்பாகவே இருக்கும். ஆனால் திருப்பும் முன் மூன்றாவது கேமராவின் பழைய பதிவையும் நகல் எடுத்துவிடுங்கள்; திருடன் அந்தப் பக்கமாக வந்திருந்தால் அது வேண்டியிருக்கும். திருப்பிய பிறகு அந்த அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள். அவர் சரி என்றால் தேதியோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.