டெக்சஸ் மாட்டுப்பண்ணைகளும் அரசு நிவாரணமும்: கேள்வி பதில்

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸ் மாநிலம் ஹட்சின்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) பிடித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் கருகின. அதன் பிறகு அமெரிக்க அரசு தரும் நிவாரணம் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: செத்த மாட்டுக்கு அரசு முழு விலையும் தருமா?

தராது. எல்.ஐ.பி. என்ற கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தில் சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். அந்த விலையும் நீங்கள் சொல்வதல்ல. மாட்டின் வகை, எடையைப் பார்த்து அரசு நிர்ணயித்தது. எந்த மந்தையிலும் வருஷத்துக்குச் சில மாடுகள் இயல்பாகவே சாகும். அந்தக் கணக்கைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம்.

ஹூஸ்டன் வாசகி: எரிந்துபோன மாடுகளை எப்படிக் கணக்குக் காட்டுவது?

பணம் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. புதைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். காது வில்லை எண் தெரிய வேண்டும், தேதி பதிவாக வேண்டும். உடல்களை லாரியில் அள்ளிப் போனால் அந்த ரசீதை வாங்கி வையுங்கள். செத்ததைக் காட்டினால் மட்டும் போதாது, தீக்கு முன் எத்தனை மாடு இருந்தது என்றும் காட்ட வேண்டும். தடுப்பூசி பில், வங்கிக் கடன் பத்திரம், சந்தையில் வாங்கிய சீட்டு எல்லாம் அதற்கு உதவும். பண்ணை வீடே எரிந்தால் காகிதமும் போய்விடும் என்பதால், நகலை வேறு ஊரில் வைக்கச் சொல்வேன்.

உயிர் பிழைத்த மாடுகளையும் மறக்காதீர்கள். குளம்பு வெந்த மாடு நடக்காது, மடி கருகிய பசு கன்றுக்குப் பால் தராது. அப்படிக் காயம்பட்டதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தால், அந்த நஷ்டத்துக்கும் இதே திட்டத்தில் கேட்கலாம்.

டாலஸ் வாசகர்: சொத்து வரி குறையும் என்று நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறேன். எனக்கும் உண்டா?

ஆட்டுக்கும் உண்டு. ஆனால் விற்பனைக்காக வளர்ப்பதாக இருக்க வேண்டும். ஆசைக்கு வளர்ப்பவை சேராது. விற்ற கணக்கு இருக்கிறதா, பாருங்கள்.

அமரில்லோ வாசகர்: எரிந்த வேலியைத் திரும்பப் போடும் செலவு?

மைலுக்கு 10,000 டாலரைத் தாண்டும் செலவு அது. ஈ.சி.பி. என்ற அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு 90 சதவீதம் வரை. அவசரப்பட்டு வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் உங்கள் கவுண்டியில் உள்ள எஃப்.எஸ்.ஏ. (அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை அமைப்பு) அலுவலகத்தில் விண்ணப்பித்து, என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுக் கம்பியைத் தொடுங்கள்.

அதே வாசகர்: எரிந்த மேய்ச்சல் நிலத்துக்கு?

எல்.எஃப்.பி. என்ற மேய்ச்சல் இழப்பு நிவாரணத் திட்டம், தீ விஷயத்தில் மத்திய அரசு நிலத்தில் மேய்த்தவர்களுக்கு மட்டும்தான். டெக்சஸில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். அங்கே இப்படி ஒரு விதி அநியாயம் என்றுதான் சொல்வேன். கட்டி வைத்திருந்த புல் எரிந்திருந்தால் எலாப் என்ற கால்நடை அவசர உதவித் திட்டத்தில் கேளுங்கள்.

வறட்சி என்றால் அதே எல்.எஃப்.பி. தனியார் நிலத்துக்கும் வரும். வியாழக்கிழமைதோறும் வெளியாகும் வறட்சி வரைபடம்தான் அளவுகோல். கவுண்டியின் ஒரு மூலையில் மிகக் கடுமையான வறட்சிக்கான நிறம் (டி3) விழுந்தாலும் கவுண்டி முழுவதும் தகுதி பெறும். உங்கள் காட்டில் மழை பெய்ததா என்று பார்க்க மாட்டார்கள். இந்தத் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்தான் உச்சவரம்பு.

தஞ்சை வாசகர்: மனுவைத் தள்ளிவிட்டால்?

30 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.வின் கவுண்டி குழுவிடம் அப்பீல் செய்யலாம். அந்தக் குழுவின் உறுப்பினர்களை விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரில் போய், விடுபட்ட ரசீதுகளைக் காட்டிப் பேசுங்கள்.