ராபர்ட் பீலும் தானியச் சட்டங்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தானியச் சட்டங்கள் சோளத்தைப் பற்றியவையா?

பதில்: இல்லை. ஆங்கிலப் பெயரிலுள்ள 'கார்ன்' என்ற சொல் அன்றைய பிரிட்டனில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலிய தானியங்கள் எல்லாவற்றையும் குறித்தது. 1815ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் (தானியத்துக்கான பழைய பிரிட்டிஷ் அளவு) 80 ஷில்லிங் விலையை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்க முடியாது. நிலவுடைமையாளரின் வருமானத்தைக் காப்பதற்காக மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி ரொட்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தார்.

கேள்வி: நிலவுடைமையாளர்களின் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தலைவரும் பிரதமருமான பீலே அவற்றை நீக்கியது ஏன்? அயர்லாந்துப் பஞ்சத்தாலா?

பதில்: பஞ்சத்துக்கு முன்பே அவர் மனம் மாறத் தொடங்கிவிட்டது. 1842இல் வருமான வரியை மீண்டும் விதித்து, அந்த வருவாயை நம்பி நூற்றுக்கணக்கான பொருள்களின் சுங்கத் தீர்வையைக் குறைத்தார். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியபோது, இனியும் தள்ளிப்போட இயலாது என்று முடிவுசெய்தார். 1846 மே மாதம் மக்களவையில் மசோதா 327க்கு 229 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆனால் அவருடைய கட்சியினரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தே வாக்களித்தனர். ஜூன் 25 அன்று பிரபுக்கள் அவையும் அதை ஏற்றது. அதே இரவில், அயர்லாந்தின் வன்முறையை ஒடுக்க அவர் கொண்டுவந்த அடக்குமுறை மசோதாவில், சொந்தக் கட்சியின் அதிருப்தியாளர்களும் எதிர்க்கட்சியினரும் மக்களவையில் அவரைத் தோற்கடித்தார்கள். சில நாள்களில் பதவி விலகினார்.

கேள்வி: அதனால் அயர்லாந்து பிழைத்ததா?

பதில்: பிழைக்கவில்லை. தானிய இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறைந்து 1849இல்தான் பெயரளவுக்கு வந்தது. கையில் காசே இல்லாதவர்களுக்கு விலைக்குறைவால் என்ன பயன்? 1845 நவம்பரில் 1,00,000 பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்க அவர் செய்த ஏற்பாடே முதல் பருவத்தில் உயிர்களைக் காத்தது.

கேள்வி: கட்சிக்குத் துரோகம் செய்தார் என்று பீலை அவருடைய கட்சி உறுப்பினர் டிஸ்ரேலி தாக்கியது நியாயமா?

பதில்: 1841இல் அமைச்சர் பதவி கிடைக்காத டிஸ்ரேலியின் உள்நோக்கத்தை நான் நம்பவில்லை, ஆனால் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தானியத் தீர்வையைக் காப்போம் என்று வாக்குக் கேட்டு வென்ற உறுப்பினர்களைக் கொண்டே பீல் ஆட்சி அமைத்திருந்தார். நீண்ட காலம் எதிர்த்துவந்த, கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இல் அவரே சட்டமாகக் கொண்டுவந்ததையும் கட்சியினர் மறக்கவில்லை. மனம் மாறியதைக் குறையாகச் சொல்லமாட்டேன். மாறியதைத் தம் கட்சியினரிடம் காலத்தோடு எடுத்துச்சொல்லி அவர்களை இணங்கவைக்க முயலாததே அவருடைய பெரும்பிழை. கொள்கையில் அவரே சரி: 1852இல் நிதியமைச்சரான டிஸ்ரேலி அந்தத் தீர்வையை மீட்கவில்லை. அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே, லண்டனில் குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் பீல் இறந்துவிட்டார்.