பென்சிலால் எழுதும் கணக்கு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருகோணமலை, சாம்பல்தீவு. அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மாவையும் கலியாணமாகாத தங்கச்சியையும் நான்தான் பார்க்கிறேன். மனைவி அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், அவருடைய அம்மா கொழுந்தெடுப்பவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, விரும்பி, பட்டம் முடிந்த கையோடு இரு வீட்டுச் சம்மதத்துடன் கலியாணம் செய்தோம். சீனக்குடாப் பக்கம் ஒரு கம்பனியில் எனக்கு வேலை கிடைத்தது. 14 மாதங்களுக்கு முன் உப்புவெளியில் வாடகைக்கு வீடெடுத்து வந்தோம். புவியியல் சிறப்புப் பட்டம் முடித்த மனைவி, ஆசிரியர் நியமனத்தை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிறார். கம்பஸில் விடிய விடியக் கதைத்தவர், இங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். சண்டையும் இல்லை. குறை சொல்லவும் முடியாது, நல்ல சிக்கனம்: அன்றாடச் செலவைப் பென்சிலால் கொப்பியில் எழுதி, நான் வேலையால் வந்ததும் தேத்தண்ணியோடு கொண்டுவந்து வைப்பார், நானும் பகிடிக்குச் சிவப்புப் பேனையால் சரி போட்டுக் கொடுப்பேன். முதல் மாதம் ஷாம்புக்கு இவ்வளவா என்று ஒரு தடவை கேட்டதைத் தவிர, செலவைப் பற்றி நான் வாய் திறந்ததே இல்லை. எனக்கு மகாபொலப் புலமைப்பரிசில் கிடைக்காத காலத்தில் தன் மகாபொலக் காசில் என் ஆய்வறிக்கையை அச்சடித்துக் கட்டித் தந்தவர் அவர். அந்தப் பிள்ளை எங்கே போய்விட்டார்? இங்கத்தைய வெக்கையும் கடற்காற்றும் சவர்த்தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லையா? உளவளத்துணையாளரிடம் கூட்டிப் போவதா, கொஞ்சநாள் ஊருக்கு அனுப்பி வைப்பதா?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, வெக்கையையும் காற்றையும் விடும். கொப்பிக்கு வாரும்.

கணக்கை அவள் ஏன் பென்சிலால் எழுதுகிறாள்? பட்டம் பெற்ற பிள்ளை, வீட்டில் பேனை இல்லாமலா? சிவப்புப் பேனைகூட இருக்கிறதே, அது உம்முடைய கையில்.

நான் 31 வருஷம் படிப்பித்தவள். முதல் ஆறு வருஷமும் அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில். கொப்பிகளுக்குச் சரி போட்டே என் விரல் காய்த்தது. பேனைக்கு மாறவேண்டிய வகுப்பு வந்த பிறகும் பென்சிலை விடாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். பிழை என்று சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே ஆயத்தமாகிவிட்ட பிள்ளைகள். மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அழிறப்பர் இடது கைக்குள் பொத்தியபடி இருக்கும். கண் கொப்பியில் இராது, என் முகத்தில் இருக்கும். நான் புருவத்தை நெரித்தால் போதும், எந்த வரி என்று கேட்காமலே அழிக்கத் தொடங்கிவிடும். அப்படிப் பழகிய பிள்ளை வகுப்பில் கை உயர்த்தாது. கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இதே வசனத்தைத்தான் நீர் உம்முடைய மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்.

பகிடிக்குச் சரி போடுகிறேன் என்கிறீர். பகிடி என்றால் இரண்டு பேரும் சிரிக்கவேணும். இந்த 14 மாதத்தில் அந்தச் சிவப்புச் சரியைப் பார்த்து அவள் ஒருநாளாவது சிரித்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதவேண்டிய தேவை உமக்கு வந்திராது.

ஷாம்பு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்டேன் என்கிறீர். ஒரு தடவை போதும். மலைத்தண்ணீரில் வளர்ந்த தலைமயிர் சவர்த்தண்ணீரில் தும்பு மாதிரிப் போகும். சவர்க்காரம் நுரைக்காது, சீப்பு இறங்காது. நீர் பிறந்த நாளிலிருந்து இந்தக் கரைத் தண்ணீரில் குளித்தவர், உமக்கு அது விளங்காது. சவர்த்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று என்னிடம் கேட்கத் தெரிந்த உமக்கு, அந்த ஷாம்புப் போத்தல் எதற்கென்று ஏன் தெரியாமல் போனது? அவள் விளக்கம் சொல்லவில்லை. பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதை நீர் பார்த்திருக்கிறீரா? நான் ஆறு வருஷம் பாடசாலை வாசலில் நின்று பார்த்தேன். பெண்கள் முதுகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். மழையில் நனைந்த படங்குச் சாக்கு இடுப்பைச் சுற்றியிருக்கும், காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காயாமலிருக்கும். தராசு தூக்குவார்கள். ஈரத்துக்கென்று கழிப்பார்கள், சாக்குக்கென்று கழிப்பார்கள். கணக்கப்பிள்ளை எழுதுவார். சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அரைப்பேர் விழுந்த பெண் ஒன்றும் பேசமாட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கிப் போவாள். நாட்சம்பளம் 1000 ரூபாவானதே 2021இல்தான், அதுவும் அந்தக் கிலோ வந்தால்.

உம்முடைய மாமியார் அந்த வரிசையில் நின்றுதான் ஒரு பிள்ளையைப் பேராதனை வரைக்கும் அனுப்பினார். தன்னுடைய பிள்ளை இன்னொருவருடைய தராசுக்கு முன்னால் நிற்கக்கூடாது என்றுதான் அனுப்பினார். அந்தப் பிள்ளை இப்போது ஒவ்வொரு பின்னேரமும் உப்புவெளியில் நிற்கிறாள். கணக்கப்பிள்ளை நீர்.

கோபம் வருகிறதா? வரட்டும், இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் மலையகத்தாரைக் குறிக்க வைத்திருக்கும் ஒரு சொல் உமக்குத் தெரியும். அதை நான் இந்தப் பக்கத்தில் எழுதமாட்டேன். கலியாண வீட்டுப் பந்தலிலும் கோயில் மண்டபத்திலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சொன்னவருக்கு அடுத்த நிமிஷம் மறந்துவிடும். மலையிலிருந்து இங்கே வாழவந்த பெண், யாரும் தன்னைக் கைகாரி, செலவாளி என்று சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அவதானமாக இருப்பாள். அதைச் சிக்கனம் என்று மெச்சுகிறீர். பயம், தம்பி அது.

மகாபொலக் கதையை ஆசையாக எழுதியிருக்கிறீர். அவள் வாங்கியது மாதம் 5000 ரூபா. அந்த 1000 ரூபாச் சம்பளத்தில், அவளுடைய தாய் ஐந்து நாள் அரைப்பேர் விழாமல் கொழுந்தெடுத்தால் வந்த காசு. அதை எடுத்து உம்முடைய ஆய்வறிக்கைக்குச் செலவழித்தாளே, அச்சுக்கு இவ்வளவு, கட்டுகூலி இவ்வளவு என்று நீர் கொப்பியில் எழுதி அவளிடம் நீட்டினீரா? அவள் பார்த்துச் சரி போட்டாளா? உழைப்பில்லாமல் நீர் இருந்த காலத்தில் அவளுடைய காசு இரண்டு பேருடைய காசாக இருந்தது. அவள் உழைப்பில்லாமல் இருக்கும் காலத்தில் உம்முடைய காசு உம்முடையதாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே போய்விட்டார் என்று என்னிடம் கேட்க உமக்கு வாய் வந்ததே.

உம்முடைய அப்பா கடலுக்குப் போனவர் என்பதால் உமக்கு இதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வலை இழுத்து, மீன் விற்று, பங்கு பிரித்துவரும் காசு எங்கள் கரையோர வீடுகளில் யாருடைய கைக்குப் போகும்? வாசலில் கால் கழுவமுன்னரே மனிசியின் கைக்குப் போகும். அவள் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்வாள். வாடைக்காலத்தில் கடல் புரண்டு வள்ளம் இறக்க முடியாத கிழமைகளில் அடுப்பெரிந்தது அந்த முடிச்சால்தான். உம்முடைய அம்மா ஒரு சதம் சம்பளம் எடுத்தவரில்லை. அப்பா என்றைக்காவது கணக்குக் கேட்டாரா என்று அவரிடமே கேளும். எழுதப் படிக்க அதிகம் தெரியாத மனிசனுக்குத் தெரிந்திருந்த ஒன்றைப் பட்டதாரி மகன் எங்கே தொலைத்தீர்?

நியமனம் கிடைத்தால் எல்லாம் சரிவரும் என்று ஆறுதல் தேடவேண்டாம். கிடைக்கட்டும், நல்லது. ஆனால் சம்பளத்தால் நிமிர்கிற தலை, நாளைக்குப் பிள்ளை பெற்று வீட்டில் நிற்கும்போது திரும்பக் குனியும்.

அந்தக் கொப்பியில் உம்முடைய செலவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தாய்க்குக் கொடுப்பது, தங்கச்சிக்கு ஒதுக்குவது, மத்தியானச் சாப்பாடு, போனுக்கு ரீலோட், சிநேகிதருடைய கலியாணத்துக்குக் கொடுத்த மொய்? ஒன்றும் இராது. வெண்காயமும் தேங்காயும் அவளுடைய ஷாம்பும்தான் இருக்கும்.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே அம்மாவுக்குக் கொடுப்பதில் கை வைத்தீரென்றால் என்னைப்போல் உம்மோடு கோபிக்க ஆளிராது. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்குக் கடமை இருக்கிறது, அதில் ஒரு சதமும் குறையக்கூடாது. தங்கச்சிக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துக் கரைசேர்ப்பது எங்கள் கிழக்குப் பக்கத்து வழக்கம். சீதனம் என்று அதைப் பழிப்பவர்கள் பழிக்கட்டும், ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கூரை இருப்பதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் உம்முடைய மனைவிக்கு அப்படியொரு கூரை எங்கே? அவள் பிறந்து வளர்ந்த லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறை இருந்தாலும் அவளுடைய தகப்பனுக்கு அதில் காணி உறுதி கிடையாது. உப்புவெளியில் இருப்பது வாடகை வீடு. இந்த ஊரில் அவளுடைய கையெழுத்தில் இருப்பது அந்தக் கொப்பி ஒன்றுதான், அதிலும் கடைசியில் உம்முடைய சரி.

இந்த மாதச் சம்பளம் விழுந்த அன்று பின்னேரம் கொப்பி வரும். சிவப்புப் பேனையை எடுக்கவேண்டாம். கொப்பியைக் கிழித்தெறிந்து நாடகம் போடவும் வேண்டாம், ஒரு குடும்பத்துக்குக் கணக்கு வேணும். நீலப் பேனையால் அடுத்த பக்கத்தில் உம்முடைய சம்பளத்தை எழுதும், சதம் விடாமல். அதன் கீழே அம்மாவுக்கு எவ்வளவு, தங்கச்சிக்கு எவ்வளவு, உமக்கு எவ்வளவு என்று எழுதி அவளுடைய கையில் கொடும். அந்தக் கிழமையே வங்கியில் இரண்டு பேருடைய பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து சம்பளத்தை அதில் விழச் செய்யும். ஷாம்புப் பேச்சுக்கு, "அன்றைக்கு நான் கேட்டது பிழை" என்று சொல்லும். நாலு சொல், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அம்மாவின் காசை இனி அவள் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சாம்பல்தீவுக்கு உம்மோடு வந்து, அவளுடைய கையால், மாமியின் கையில். உம்முடைய அம்மா அவளை மருமகளாகப் பார்க்கத் தொடங்குவதற்கு இதைவிடச் சுருக்கு வழி ஒன்றை நான் கண்டதில்லை.

அன்றைக்கே கதைக்கத் தொடங்கிவிடுவாள் என்று எதிர்பார்க்கவேண்டாம். 14 மாதம் பழகியது 14 நாளில் போகாது. பென்சில் கொஞ்சக் காலம் இருக்கும், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம். சாப்பாடும் நித்திரையும் குறைந்து, காரணமில்லாமல் அழுகிறாள் என்று கண்டால் மட்டும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரியில் காட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றப்படி உளவளத்துணையாளருக்கு முன்னால் போய் இருக்கவேண்டியவர் நீராகவும் இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மூதூர்ப் பக்கம் கூட்டிப்போம். அவளுடைய ஊர்ப்பக்கத்து அட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் சேர்ந்துதான் மகாவலி. அந்த ஆறுதான் பேராதனையில் நீங்கள் இரண்டு பேரும் இருந்து கதைத்த கரையால் ஓடுகிறது. 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக்குடாவில் கடலில் விழுகிறது. எங்கள் காலத்தில் மூதூருக்கு லோஞ்சில் போவோம், குடாவுக்குள் காற்றெடுத்தால் பாதிப்பேர் சத்தி எடுத்துக்கொண்டுதான் இறங்குவோம். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிளில் போய்வரலாம். கங்கைப் பாலத்தில் நிறுத்தி, இந்தத் தண்ணீர் எந்த வழியால் வந்ததென்று அவளிடம் கேளும். புவியியல் படித்தவள், உமக்குத் தெரியாத பத்து விஷயம் சொல்வாள். இடையில் புகுந்து திருத்தாமல் கேளும்.

ஊருக்கு அனுப்பிவைப்பதா என்று கேட்டீர். தனியே அனுப்பவேண்டாம். புதுப்பெண் தனிய வந்து லயத்து வாசலில் இறங்கினால் அயலட்டை என்ன கதைக்கும் என்று தெரியாத வயதா உமக்கு? லீவு போட்டு நீரும் போம். விடியப்புறம் கண்டி பஸ் எடுத்தால் பின்னேரத்துக்குள் அட்டன். போகமுன்னர் அவளுடைய அம்மாவுக்கு எந்தக் கருவாடு விருப்பம் என்று கேட்டுக்கொண்டு, சந்தைக்கு அவளையும் கூட்டிப்போய் அவளையே தெரிந்தெடுக்கச் சொல்லும். மலையில் கடைக்காரர் விற்பது பழசு. கட்டாக் கருவாடு என்றால் இரண்டு கிலோவாவது வாங்கும், பக்கத்துக் காம்பராக்களுக்கும் கொடுக்கவேண்டிவரும்.