பேருந்து நகர்கிறது, புள்ளி ஏன் நகரவில்லை?

கேள்வி: சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள், இரவுப் பேருந்தில் திருச்சிக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் பகிர்வாள். சென்ற முறை திண்டிவனம் அருகே அந்தப் புள்ளி நாற்பது நிமிடம் அசையவே இல்லை. பிறகு ஒரே தாவலில் விழுப்புரத்தைக் கடந்திருந்தது. அதைவிட விநோதம், வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவளை மதுரையில் இருப்பதாகக் காட்டியது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நாங்கள் மதுரையிலிருந்து திருச்சிக்கு வீடு மாற்றி வந்தோம். இந்த வசதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: நீங்கள் கண்ட இரண்டு கோளாறுகளும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. தான் எங்கே இருக்கிறோம் என்று போன் கணக்கிடுவது ஒரு வேலை. கணக்கிட்டதை உங்களுக்குச் சொல்லி அனுப்புவது வேறொரு வேலை. திண்டிவனத்தில் தடைப்பட்டது பெரும்பாலும் இரண்டாவது வேலை. மதுரையைக் காட்டியது முதல் வேலையில் நேர்ந்த பிழை.

செயற்கைக்கோள் மேலிருந்து உங்கள் மகளின் போனைக் கண்காணிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, 'நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன; போன் அதைக் கேட்டுக்கொள்கிறதே தவிர, பதிலுக்கு ஒரு சொல்லும் அனுப்புவதில்லை. அந்த அறிவிப்பு தரையை வந்தடைய ஒரு நொடியில் சுமார் 15-இல் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தைக் கொண்டு கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தைப் போன் கணிக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் அலை என்பதால், கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். கோளில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். ஆகவே இடத்தை அறிய மூன்று கோள்களும், தன் கடிகாரத்தின் பிசகை அறிய நான்காவதாக ஒன்றும் போனுக்குத் தேவைப்படுகின்றன. இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும், சில மாடல்கள் நம் இஸ்ரோவின் நாவிக்கையும் சேர்த்தே கேட்பதால், திறந்தவெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடுகின்றன.

கான்கிரீட் கூரைக்கு அடியில் போனதும் நிலைமை மாறுகிறது. தரையை அடைவதற்குள் மிகவும் மெலிந்துவிடும் அந்த அலை, வீட்டுக்குள் பாதி கேட்கும், பாதி கேட்காது. அப்போது போன் அக்கம்பக்கத்து வைஃபை ரூட்டர்களைத் துணைக்கு அழைக்கிறது. ஒவ்வொரு ரூட்டரும் தனக்கென்று ஒரு வன்பொருள் எண்ணைச் சுற்றுவட்டாரத்தில் பரப்பிக்கொண்டே இருக்கும். எந்த எண் கொண்ட ரூட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பெரும் பட்டியலை, அவ்வழியே செல்லும் போன்கள் தரும் தகவல்களைக் கொண்டே கூகுளும் ஆப்பிளும் தொகுத்து வைத்திருக்கின்றன. 'என் காதில் இந்த எண்கள் விழுகின்றன' என்று போன் கேட்டால், 'அப்படியானால் நீ இங்கே இருக்கிறாய்' என்று பதில் வரும். அந்த வைஃபையில் இணைந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, அதன் குரல் கேட்டால் போதும்.

மதுரை வீட்டில் இருந்த ரூட்டரைத்தானே திருச்சிக்கும் எடுத்து வந்தீர்கள்? பட்டியலில் அது இன்னும் பழைய தெருவிலேயே குடியிருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்ததும் புள்ளி திருச்சிக்கு வந்து சேரும். உங்கள் வீட்டைச் சுற்றி நடமாடும் போன்கள் புதிய இடத்தில் அந்த எண்ணைக் கேட்கக் கேட்க, பட்டியலும் நாளடைவில் தானாகத் திருந்திவிடும். வைஃபையின் பெயரை வேறொன்றாக மாற்றிப் பயனில்லை, பட்டியல் பார்ப்பது பெயரை அல்ல, எண்ணை.

செயற்கைக்கோளும் இல்லை, வைஃபையும் இல்லை என்றால் கடைசிப் புகலிடம் செல் டவர். நகருக்குள் சில நூறு மீட்டர், நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர்வரை இந்தக் கணிப்பு தவறக்கூடும். எனவே கூகுள் மேப்ஸ் போன்ற வரைபடங்களில் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் தெரியும் வட்டத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 'இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன்' என்று போன் ஒப்புக்கொள்ளும் எல்லை அது. ஆண்ட்ராய்டு கணக்கின்படி அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கான வாய்ப்பே 68 சதவீதம்தான். அதாவது மூன்று முறைக்கு ஒரு முறை ஆள் வட்டத்துக்கு வெளியே இருக்கலாம்.

இனித் திண்டிவனம். இடத்தைக் கணக்கிட்டுவிட்ட போன், அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண்களையும் உடன் நேரம் போன்ற சில விவரங்களையும் சேர்த்து அனுப்புகிறது. திருச்சி மலைக்கோட்டை என்றால் 10.828, 78.697, அவ்வளவுதான். வரைபடம் அங்கிருந்து வருவதில்லை. உங்கள் போன்தான் அந்த எண்களை வாங்கி, தன் வரைபடத்தின் மேல் புள்ளி வைக்கிறது. வாட்ஸ்அப்பில் இந்த எண்கள் உங்கள் மகளின் போனிலேயே பூட்டப்பட்டு உங்கள் போனில்தான் திறக்கப்படுகின்றன. இடையில் உள்ள நிறுவனம் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் இவை பயணிக்க இணையம் வேண்டும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பது போனுக்குத் தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்லத்தான் வழி இருக்காது. சிக்னல் திரும்பியதும் அது அப்போதைய இடத்தை மட்டுமே சொல்லும்; இடையில் கடந்த ஊர்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்காது. நீங்கள் பார்த்த தாவல் அதுதான்.

நெட்வொர்க் நன்றாக இருந்தும் இப்படி நிகழ்வதுண்டு. பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் சேவர் தானாக இயங்கி, பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்க வைத்துவிடும் போன்கள் ஏராளம். வாட்ஸ்அப்புக்கான இருப்பிட அனுமதி 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று இருந்தாலும், திரையை அணைத்துவிட்டு அவள் தூங்கியதும் தகவல் நின்றுபோகலாம். மகளின் போனில் வாட்ஸ்அப்பைப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள். அனுமதிப் பட்டியலில் 'எப்போதும்' என்ற தெரிவு இருந்தால் அதையும், 'துல்லியமான இருப்பிடம்' என்பதையும் இயக்கி வையுங்கள். போன் தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டில், பைக்குள் கிடப்பதைவிட ஜன்னலோரம் கையில் இருப்பது மேல்.

அடுத்த முறை புள்ளி நின்றால், பதறுவதற்கு முன் பெயருக்குக் கீழே 'எத்தனை நிமிடங்களுக்கு முன்' புதுப்பிக்கப்பட்டது என்று இருப்பதைப் பாருங்கள். 'நாற்பது நிமிடங்களுக்கு முன்' என்றால் தகவல்தான் நின்றிருக்கிறது. பேருந்து ஓடிக்கொண்டே இருக்கலாம். 'இப்போது' என்று காட்டியும் புள்ளி அசையவில்லை என்றால் பேருந்துதான் நின்றிருக்கிறது. அந்தச் சாலையில் விக்கிரவாண்டிப் பக்கத்து மோட்டலில் சாப்பாட்டுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், முதலில் அந்தக் காரணத்தையே எண்ணுங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் ஓர் அழைப்பு போதும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு தெரிவுகள் அடுத்தடுத்து இருப்பதால் பல வீடுகளில் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். 'தற்போதைய இருப்பிடம்' என்பது அனுப்பிய நொடியில் எடுத்த புகைப்படம் மாதிரி, ஆள் ஊர் கடந்து போனாலும் அது அசையாது. 'லைவ்' மட்டுமே நகரும். அதற்கும் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற மூன்று கெடுக்கள்தான். (கூகுள் மேப்ஸிலோ 'நானே நிறுத்தும்வரை' என்றும் பகிரலாம்; என்றோ பகிர்ந்து மறந்துபோனவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இன்னும் இருக்கின்றனவா என்று மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.) விடுதியை விட்டுக் கிளம்பும்போது எட்டு மணிக்கே பகிர்ந்தால் அதிகாலை நான்கு மணிக்குப் பகிர்வு தானாக முடிந்துவிடும், பேருந்தோ அப்போதும் வழியிலேயே இருக்கலாம். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகு பகிரச் சொல்லுங்கள்.