சாம்பிள் குடுங்க, ரிசல்ட்டையும் கேட்டு வாங்குங்க

கேள்வி: எங்க ஊர் பக்கத்துல கெமிக்கல் கம்பெனிங்க இருக்கு. ராத்திரி 11 மணிக்கு மேல நாத்தம் தாங்க முடியல, புள்ளைங்களுக்குக் கண்ணு எரியுது. இப்ப ஒரு காலேஜ்லேர்ந்து வந்து ரத்தமும் போர் தண்ணியும் சாம்பிள் கேக்குறாங்க. குடுக்கலாமா? - வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: தாராளமா குடுங்கம்மா. ஆனா எப்ப, எங்க எடுக்கணும்னு சொல்லவேண்டியது நீங்க. பகல் 12 மணிக்கு வந்து காத்தை டெஸ்ட் பண்ணிட்டு எல்லாம் நார்மல்னு எழுதிட்டுப் போனா உங்க ராத்திரி நாத்தம் எந்த ரிப்போர்ட்லயும் வராது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரங்க 2004-லயே இதைத்தான் செஞ்சாங்க, பயிற்சி எடுத்துக்கிட்டு எந்தத் தேதி, எத்தனை மணி, காத்து எந்தப் பக்கமிருந்து வீசுது, அழுகின முட்டை வாடையா வேற வாடையான்னு நோட்டுல எழுதிவச்சாங்க. நாத்தம் அடிக்கிற நேரத்துலயே பக்கெட்ல காத்தையும் பிடிச்சாங்க. மூடி போட்ட சாதா பிளாஸ்டிக் பக்கெட்தான், உள்ள ஒரு ஸ்பெஷல் பை, பக்கெட்டுக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய எடுத்தா பை தானா வெளிக்காத்தை இழுத்து உப்பிக்கும், அதை அப்படியே மூடி லேபுக்கு அனுப்பணும். அவங்க பிடிச்ச காத்துல கேன்சர் வரவைக்கிற கெமிக்கலும் இருந்துச்சு. 2009-ல மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் போட்ட படுமோசமா மாசுபட்ட இடங்க லிஸ்ட்லயும் கடலூர் இருந்துச்சு.

தண்ணிக்கு அமெரிக்காவுல ஃபிளின்ட் ஊரைப் பாருங்க. 2014-ல ஆத்துத் தண்ணிக்கு மாத்தினதுலேர்ந்து மக்கள் கத்திட்டே இருந்தாங்க, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு அதிகாரிங்க சொல்லிட்டே இருந்தாங்க. 2015-ல வர்ஜினியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க வீடுவீடா பாட்டில் குடுத்தாங்க, மக்களே பிடிச்சாங்க. 6 மணி நேரம் குழாயைத் தொறக்காம இருந்துட்டு, தொறந்த உடனே ஒரு பாட்டில், 45 செகண்ட் கழிச்சு ஒண்ணு, 2 நிமிஷம் கழிச்சு ஒண்ணு. தண்ணியில கலக்குற ஈயம்ங்கிற விஷ உலோகம் வீட்டுக் குழாய்லேர்ந்து வருதா, தெரு பைப்லேர்ந்து வீட்டுக்கு வர்ற லைன்லேர்ந்தான்னு இதுல புடிபடும். அந்த அக்டோபர்லயே பழைய தண்ணிக்கு மாத்தவேண்டியதாச்சு.

அதனால சம்மத ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஊர்ல உக்காந்து பேசுங்க. ரிசல்ட் எங்களுக்கு எப்ப வரும், தமிழ்ல வருமா, ரத்தத்துல ஏதாவது இருந்தா எந்த டாக்டர்கிட்ட அனுப்புவீங்க, இதையெல்லாம் எழுதி வாங்குங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில காலேஜ்காரங்க பேர் வந்துடும், உங்க புள்ளையோட ரிப்போர்ட் மட்டும் வராம இருந்தா அது அநியாயம்.

கேள்வி: வீட்டுக்காரர் அதே கம்பெனியிலதான் வேலை பாக்குறாரு. எங்க பேர் வெளிய வந்துடுமா?

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017-ல போட்ட விதிமுறைப்படி உங்களுக்குப் புரியுற பாஷையில விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கணும், நடுவுல வேணாம்னா விலகிக்கலாம். பேருக்குப் பதிலா நம்பர்தான் போடுவாங்க, ஆனா சின்ன ஊர்ல அது பத்தாது, மேப்ல உங்க வீட்டு மேலயே புள்ளி வச்சா யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். எந்தத் தெருன்னு மட்டும்தான் காட்டணும், வீட்டைக் காட்டக்கூடாதுன்னு ஃபார்ம்லயே எழுதச் சொல்லுங்க, ஒரு காப்பியும் வாங்கி வச்சுக்கங்க.